காசுக்கு ஞாபகம் கிடையாது

பூந்தமல்லியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். மூன்று தரம் தலை விழுந்தாலும் அடுத்தது பூதான் என்று நம்பாதே, காசுக்கு ஞாபகம் கிடையாது என்று வகுப்பில் கத்துவேன்.

எங்கள் மூன்று குழந்தைகளை அம்மை கொண்டுபோயிற்று. நான்காவதாகப் பிறந்த பெண்ணைக் குப்பையில் புரட்டி, பக்கத்து வீட்டில் கொடுத்து, எமன் ஏமாறட்டும் என்று ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கினோம். அம்மை வராமலிருக்க அம்மை குத்துகிறவர் வாசலில் வந்து நின்றார். "மூணு குடுத்தாச்சு. நாலாவதையும் ஆத்தா கேக்க மாட்டா, போய்யா" என்று விரட்டினேன். விரட்டியது என் மனைவி அல்ல, நான்தான்.

மாசியில் அந்த நாலாவது பெண்ணும் அம்மையில் போனாள். ஒரு வாரம் கழித்து வகுப்பில் காசைச் சுண்டினேன். மூன்று தரமும் தலை. "அடுத்தது இன்னாடா விழும்?" என்றேன்.

"தெரியாது சார். காசுக்கு ஞாபகம் கெடையாது" என்றார்கள், ஒரே குரலில்.

பிள்ளைகள் நன்றாகத்தான் படித்திருந்தார்கள்.