பிள்ளையாருக்கு வைத்திருந்த பியோனி

கனடாவில், மொன்றியல் பனிக்குள் வருடாவருடம் புதைந்து எழும்பிய எங்கள் வீட்டுப் பியோனிச் செடி இந்த ஜூனில்தான் முதன்முதலாக மொட்டு விட்டது. இன்று காலை ஒரே ஒரு பூ விரிந்திருந்தது. அது பிள்ளையாருக்கு என்று மாமி நேற்றே சொல்லிவிட்டார்.

மாமி குளித்துவிட்டுக் கத்தரிக்கோலோடு வருவதற்குள், பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாம் வேலிக்கு மேலால் குனிந்து, பூவில் மூக்கைப் புதைத்து ஆழமாக முகர்ந்துவிட்டார்.

“போச்சு. மணந்து பாத்த பூவைச் சாமிக்கு வைக்கேலாது,” என்றார் மாமி.

“அவவுக்கு அது தெரியாதுதானே மாமி?”

“அவவுக்குத் தெரியாது. பிள்ளையாருக்குத் தெரியுமே.”

பூவை வெட்டி மதாமிடமே நீட்டினார். மதாமுக்குக் கண் கலங்கிவிட்டது. “மெர்சி, மெர்சி” என்று நன்றி சொன்னபடி உள்ளே ஓடியவர், தன் தோட்டத்துப் பியோனிகளை ஒரு கட்டாக வெட்டிக்கொண்டு வந்தார். மாமியின் முகம் மலர்ந்தது.

மதாம் ஒவ்வொரு பூவாக முகர்ந்து பார்த்து, நல்ல வாசமுள்ளதாகத் தெரிந்தெடுத்து மாமியின் கையில் கொடுத்தார்.

இப்போது எங்கள் குளியலறையில்கூடப் பியோனி இருக்கிறது. பிள்ளையாருக்கு மட்டும் கடையில் வாங்கிய செவ்வந்தி.

கடையில் அதை எத்தனை பேர் முகர்ந்தார்களோ, பிள்ளையாருக்குத்தான் தெரியும். நான் மாமியிடம் கேட்கவில்லை. நீங்களும் கேட்டு வைக்காதீர்கள்.