ஏழாம் அத்தியாயம்

சீசனுக்குக் குற்றாலம் போனால் எனக்குக் குளிப்பதைவிட வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. போன வாரம் சிப்ஸ் கடையை ஒட்டியிருந்த புத்தகக் கடையில் எங்கள் மொழிபெயர்ப்பு அச்சாகிக் கிடந்தது. இருபது வருஷமாகப் பதிப்பாளர் கிடைக்காத புத்தகம். ‘எங்கள்’ என்கிறேனே தவிர, அட்டையில் அண்ணாச்சி பெயர் மட்டும்தான்.

அதற்குக் காரணமும் நான்தான். அப்போது தென்காசியில் அரசாங்க ஆபீஸ் கிளார்க். புத்தகமோ, கதை எழுதிய கையோடு கொடியும் பிடித்த ஒரு யூதப் பெண்ணின் வாழ்க்கை. வேலைக்கு வேட்டு வந்துவிடும் என்று பயந்து, “உங்க பேர மட்டும் போடுங்க அண்ணாச்சி” என்றேன். அவர் கல்லூரி வாத்தியார், ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் மேஜையைத் தட்டிப் பேசுவார். என் தைரியமெல்லாம் அவரிடம்தான் இருந்தது.

கடை முழுக்கத் தேங்காயெண்ணெய் வாசம். மேலகரத்தில் அவர் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதே வாசம்தான். அவர் ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிப்பார், நான் தமிழில் சொல்லிப் பார்த்து எழுதுவேன். மதினி வறுத்த நேந்திரங்காய் சிப்ஸைத் தின்றுகொண்டே எழுதியதில் நோட்டெல்லாம் என் விரல் கறை.

ஏழாம் அத்தியாயம்தான் உயிர். வேறு இனத்து ஏழைகளைக் குடியிருப்பிலிருந்து விரட்ட வந்த போலீஸை மறித்து அந்த அம்மாள் பதினோரு மாதம் சிறைக்குப் போகிறார். சொந்தத் தெருவே துரோகி என்கிறது. ‘வீட்டைவிட்டு விரட்டப்படுவது என்னவென்று நமக்குத் தெரியாதா அம்மா?’ என்று தாய்க்குக் கடிதம் எழுதுகிறார். தாய் பதில் போடவில்லை. அந்தக் கடிதத்தை அண்ணாச்சி இரண்டு தடவை வாசித்தார்.

“இந்த ஒரு கடுதாசிக்காகவே புக்கு வரணும்மா” என்றார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டே எழுதினேன்.

அச்சான புத்தகத்தில் அந்த அத்தியாயம் இல்லை. அங்கேயே நின்று அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

“அதயா கேக்க? அது இருந்தா லைப்ரரி ஆர்டர் கெடைக்காதுன்னு பதிப்பாளர் சொல்லுதாரு. கவர்மெண்டு லைப்ரரி வாங்கலன்னா புக்கு எங்கன ஓடும்? காலம் அப்படிக் கெடக்கும்மா.”

“நான் எழுதுன நோட்டாவது இருக்கா?”

“வீடு மாறுதப்போ பழைய பேப்பரோட போட்டாச்சு.”

நான் பிரதி எடுத்து வைக்கவில்லை. அண்ணாச்சியிடம் இருக்கும்போது எதற்கு என்று நினைத்த மடச்சி நான். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார். ரிட்டயர்டாகிவிட்டேன், இனி எனக்கென்ன பயம்? ஆனாலும் யாரிடம் போய்ச் சொல்ல? நான் எழுதினேன் என்பதற்கே சாட்சி இல்லை.

முன்னுரையில் அண்ணாச்சி எழுதியிருக்கிறார்: ‘அரசியல் வாடையே படாத எழுத்தாளர்.’ ஆங்கிலத்தில் பதினோரு மாதம் சிறையில் கிடந்தவர், தமிழில் ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை.