வெறும் நடைக் காசு

ஈப்போவில் பார்சல் வேன் ஓட்டும் எங்களுக்குச் சங்கம் என்று ஒன்று வந்ததே அந்த அக்காவால்தான். ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் கிடங்கில் வேன் ஓட்டிய ஒரே பெண். காலையில் பார்சல் ஏற்றும்போதே ஒவ்வொருவனாகப் பிடிப்பார். "சேருறியா இல்லையா? பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டு வாரேன்னு கத விடாதே லா" என்று விரட்டி விரட்டியே எல்லாரையும் சேர்த்தார். என்னைச் செயலாளர் ஆக்கியதும் அவர்தான். எனக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு, மேனேஜர் முன்னால் வாய் குழறாது என்று நம்பினார். குழறாததுதான் வினையாகப் போயிற்று.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்கள் அவருடைய ரூட். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. லயங்களில் மிச்சமிருக்கும் சனம் விடிவதற்குள் ஃபேக்டரி பஸ் ஏறிவிடும். வீடுகளுக்கு நம்பர் கிடையாது, பத்துக் குடும்பத்துக்கும் ஒரே முகவரி, போன் லைனும் கிடைக்காது. பார்சலை வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்து, மறுநாள் மறுபடி போக வேண்டும். அப்படித் திரும்பும் பயணத்துக்குக் கம்பெனி கொஞ்சம் காசு தந்துகொண்டிருந்தது. வெறும் நடைக் காசு என்போம். என்னைப் போன்ற டவுன் ரூட்காரனுக்கு அது டீக்குக்கூடக் காணாது. அக்காவுக்கோ அது இல்லாமல் வண்டியைக் கிளப்பினால் கைக்காசு போய்விடும். வேனும் எங்களுடையது, பெட்ரோல் செலவும் எங்களுடையது.

பேச்சுவார்த்தை ஆரம்பிக்கும் முன் அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, மத்தது ஏறுதோ ஏறலையோ, இந்தக் காச மட்டும் விட்டுறாதே. இது போச்சுன்னா நான் வண்டிய நிறுத்திட வேண்டியதுதான்."

"உயிரே போனாலும் விடமாட்டேன்க்கா" என்றேன். பெரிய உயிர்.

மூன்றாவது கூட்டம் டவுனில் ஒரு ஹோட்டலில் நடந்தது. ஏர்கோன், சுழல் நாற்காலி, தட்டு நிறையச் சுடச்சுடக் கறிப்பாப் பலகாரம். எங்கள் அப்பா தோட்டத்து ஆபீசில் நின்றுகொண்டேதான் பேசியிருக்கிறார், அதுவும் வாசலில். மேனேஜர் என்னை மலாயில் துவான், அதாவது ஐயா, என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நேற்றுவரை மூஞ்சியைக்கூடப் பார்க்காத ஆள். பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொடுத்து முடிக்கும் ஒவ்வொரு பார்சலுக்கும் கூலி ஏற்றுகிறோம், குடும்பத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனியே கட்டும் அட்டை தருகிறோம் என்றார் அவர். பதிலுக்கு வெறும் நடைக் காசை எடுத்துவிட வேண்டும். பத்து நிமிஷம் வெளியே போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னார்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றோம். நாலு பேர், நாலு பேரும் டவுன் ரூட். கமிட்டியில் தோட்ட ரூட் ஆள் ஒருவர்கூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்து என்ன பயன்? புந்தோங்கில் பார்சல் கொடுப்பவன் சொன்னான்: "மச்சான், தோட்டத்து ரூட்டு மொத்தம் ஆறு பேருதான். அவங்களுக்காக எல்லாரும் வர்றத வேணாம்னு சொல்லணுமா?"

போன் என் கையில்தான் இருந்தது. அக்காவை ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் என்ன சொல்வார் என்று தெரியும், அதனால்தான் கூப்பிடவில்லை. என் மகளுக்கு மூச்சிழுப்பு. மாதத்தில் பாதி நாள் கிளினிக். அந்த அட்டை கண்ணுக்குள்ளேயே நின்றது. சரி என்று நான்தான் முதலில் சொன்னேன். இதை இதுவரை யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை.

ஒப்பந்தத்தை உறுப்பினர்கள் ஏற்க வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூடினோம். ஒவ்வொரு பிரிவாக மலாயில் படித்துத் தமிழில் விளக்கினேன். அந்தப் பிரிவு வந்தபோது மலாயில் மட்டும் கடகடவென்று படித்துவிட்டு அடுத்ததற்குத் தாவினேன். அக்கா எழுந்தார்.

"தம்பி, வெறும் நடைக் காசு எங்க?"

"அது... அடுத்த ஒப்பந்தத்துல பாத்துக்கலாம்க்கா."

மற்ற ஐந்து தோட்ட ரூட்காரர்களும் அக்காவின் முகத்தையே பார்த்தார்கள். அவர் உட்கார்ந்தார். ஓட்டெடுப்பு என்றதும் ஆதரித்துக் கையைத் தூக்கினார். அந்த ஐந்து கைகளும் பின்னாலேயே எழுந்தன. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு மாலை வேறு போட்டார்கள், நானும் வெட்கமில்லாமல் கழுத்தை நீட்டினேன்.

வாசலில் அக்காவிடம் போய், "பெரிய மனசுக்கா ஒங்களுக்கு" என்றேன்.

"மனசும் இல்ல மண்ணும் இல்ல. நான் கை தூக்கலைன்னா இவனுங்க அஞ்சு பேரும் கோபத்துல வெளியே போயிருப்பானுங்க. யூனியன் ஒடஞ்சிரும். ஒனக்காகத் தூக்கல."

நான்கு மாதம் தாக்குப்பிடித்தார். பிறகு வேனை விற்றுவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிக் கழுவும் வேலைக்குப் போவதாகச் சொன்னார். சங்கத்திலிருந்து விலக ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டும். அது மலாயில் இருந்ததால், செயலாளர் நான்தானே, என்னிடமே நீட்டினார். சங்க அறையில் நாங்கள் இருவர் மட்டும். அடையாள அட்டையைப் பார்த்து ஐசி நம்பர் எழுதினேன், சேர்ந்த தேதி எழுதினேன். விலகும் காரணம் என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"காரணம் கேக்குறாங்கக்கா. என்ன எழுத?"



"நீதான்னு எழுதுவியா? மாட்டே. குடும்பக் காரணம்னு போடு லா."

போட்டேன். பிழையில்லாத மலாயில், அழகான கையெழுத்தில் போட்டேன். அவர் வாங்கி, படிக்காமலே கையெழுத்திட்டார். கீழே, மேற்கண்ட விவரங்கள் உண்மை என்ற வரியில் என் கையெழுத்தைப் போட்டேன்.