விழுந்ததாக வந்த செய்தி

சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர் என்று கையில் கட்டிய வாட்ச் அது. கோவில்பட்டியிலிருந்து பைக்கில் குலுங்கிக் குலுங்கிப் புஞ்சைக்குப் போனால் அதையும் நடையாகக் கணக்கு வைத்துவிடும். என் மனைவி அதைப் பார்த்துச் சிரிப்பாள். நானும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசுவந்தனைக்குப் பக்கத்தில் எங்கள் புஞ்சையில் உளுந்தடிப்பு. கூலிக்கு வந்த பெண்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஆசை வந்து, ஒரு கம்பை எடுத்துக் காய்ந்த செடிகளை ஓங்கி ஓங்கி அடித்தேன். மூச்சு வாங்கவே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது. எழுந்து நடக்கச் சொல்லி எந்நேரமும் அதிருகிறதுதானே என்று நான் பார்க்கவில்லை. போன் பைக்கில் மாட்டியிருந்த துணிப்பையில் கிடந்தது.

திரும்ப எழுந்து கம்பைக் கையில் எடுத்திருப்பேன், பருத்திக் காட்டுக்கு ஊடே ஒரு ஆள் ஓடி வந்தார். காலில் செருப்பில்லை. சட்டைக்குப் பொத்தான் போடவில்லை. என் அண்ணன்.

நாங்கள் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் இரண்டு புஞ்சைக்கும் எல்லையான பொழிக்கல்லைத் தள்ளி நட்டுவிட்டார் என்று, ஊர் பார்க்க சர்வேயரைக் கூட்டிவந்து அளக்க வைத்தவன் நான். கல் சரியான இடத்தில்தான் இருந்தது.

முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார்.

"நீ விழுந்துட்டேன்னு போன்ல வந்துதே. எங்கனலே அடி?"

அப்போதுதான் புரிந்தது. வாட்ச் வாங்கிய அன்று, ஆபத்து என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அதன் ஆப் கேட்டது. அதையெல்லாம் என் மனைவிதான் நிரப்பினாள். புஞ்சைக்குப் பக்கத்தில் இருப்பவர் என்று அண்ணன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். கம்பு ஓங்கி இறங்கியதை நான் விழுந்ததாக எடுத்துக்கொண்டு வாட்ச் அவருக்குச் சொல்லிவிட்டது.

அவர் உள்ளங்காலில் முள் ஏறி, கரிசலோடு ரத்தம் ஒட்டியிருந்தது. அவரிடம் போய் மெஷின் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

"கால் பிசகிட்டுண்ணே" என்றேன்.

நான் விழவில்லை என்று அறிந்த பெண்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணன் மண்ணில் உட்கார்ந்து என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, இங்கன வலிக்குதா, இங்கன வலிக்குதா என்று அழுத்திப் பார்த்தார். வலிக்கிறது என்றேன். என் பைக்கிலேயே என்னைப் பின்னால் உட்கார வைத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். வாசலிலிருந்து உள்ளே போக அவர் தோளைப் பிடித்து நொண்ட வேண்டியிருந்தது.

மதினி புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போட்டார். வீக்கமே இல்லையே என்றார். உள்காயமாக இருக்கும் என்றார் அண்ணன். நல்ல காலைப் பற்றோடு நாற்காலியில் நீட்டிக்கொண்டு நான் இருக்க, அவர் படியில் உட்கார்ந்து ஊக்கால் தன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் பார்வையைச் சுவரில் வைத்துக்கொண்டேன்.

புஞ்சைக்கு வந்த பெண்கள் அவர் தெருக்காரர்கள்தான். நான் விழவில்லை என்பது சாயங்காலத்துக்குள் அவர் காதுக்குப் போயிருக்கும். மறுநாள் காலையில் போன் பண்ணினார்.

"இன்னைக்கு நடக்க முடியுதாலே?"

"முடியுதுண்ணே."

அதற்குமேல் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. உளுந்து எத்தனை மூட்டை கண்டது என்று விசாரித்தார். இப்போது போக வர இருக்கிறோம். உண்மையை மட்டும் இன்னும் நான் சொல்லவில்லை.