காலிக் கப்பலின் மிச்சம்

கிடர்பூர் துறைமுகத்தில் நான் பார்த்த வேலை கப்பலை எடை பார்ப்பது. தராசெல்லாம் கிடையாது. கப்பலின் உடம்பில் எழுதியிருக்கும் எண்களில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்து, உள்ளே எத்தனை டன் சரக்கு என்று கணக்குப் போட வேண்டும். எங்கள் பக்கம் ஒருவர் பார்த்தால் கப்பல்காரர்கள் பக்கம் ஒருவர் பார்ப்பார். ஒற்றை ஆள் சொல்வதை நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. சரக்கு முழுக்க இறங்கியதும் வீட்டுக்கு போன் போட்டு, "கப்பல் காலி, வரேன்" என்பேன். மனைவி உலை வைப்பாள்.

ஓய்வு பெற்ற பிறகு புராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். பி.எஸ்.ஏ. என்பது அந்தச் சுரப்பி ரத்தத்தில் விடும் புரதம். சுரப்பி போன பிறகும் அது ஏறிக்கொண்டே வந்தால், நோய் எங்கோ தங்கியிருக்கலாம். இரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. பழக்க தோஷம், ஒரே காலையில் இரண்டு லேபில் கொடுத்தேன். டாலிகஞ்சில் ஒன்று, சால்ட் லேக்கில் ஒன்று.

டாலிகஞ்சில் '0.1க்குக் கீழ்' என்று வந்தது. சால்ட் லேக்கில் 0.03. இரண்டாவதும் 0.1க்குக் கீழ்தான் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் முதலாவதை ஒன்றுமில்லை என்று படித்தேன், இரண்டாவதில் ஏதோ இருக்கிறது என்று படித்தேன். பயந்துபோனவனுக்குக் கணக்கு வராது.

"ரெண்டு எடத்துல குடுக்கச் சொல்லி யாரு அழுதா?" என்றாள் மனைவி. 

டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சிந்தா கொர்பேன் நா, தாதா." கவலைப்படாதீர்கள், அண்ணா என்றவர், பொறுமையாக விளக்கினார். முதல் லேபின் இயந்திரத்துக்கு 0.1க்குக் கீழே கண் தெரியாது, இரண்டாவதற்குத் தெரியும், அவ்வளவுதான். இத்தனை சிறிய அளவு உடம்பின் வேறு சுரப்பிகளிலிருந்தும் வரலாம். ஓர் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்து இரண்டாவது லேபிலேயே கொடுங்கள் என்றார்.

பஸ்ஸில் வரும்போது அந்த எண்ணையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு நானோகிராம். அதிலும் நூற்றில் மூன்று பங்கு, ஒரு மில்லி ரத்தத்தில். வாழ்நாள் முழுக்க டன் கணக்கில் புழங்கியவன் நான். என் ரத்தத்துக்குள் இவ்வளவு சன்னமாக ஒன்று ஓடுவதையும், அதை ஓர் இயந்திரம் கண்டுபிடிப்பதையும் எண்ணி அப்படியே மலைத்துப் போனேன். என் உடம்பைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

அப்போதுதான் காலிக் கப்பல் ஞாபகத்துக்கு வந்தது. கடைசி மூட்டை இறங்கிய பிறகும் கணக்கில் கொஞ்சம் எடை நிற்கும். அடியில் படிந்த சேறு, பூசிய பெயிண்ட், கிடக்கும் கயிறு. அதை யாரும் சரக்கு என்று சொல்வதில்லை. ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால்தான் சந்தேகப்படுவோம்.

ஆனாலும் அந்த மூன்று மாதமும் எனக்குச் சரியான தூக்கமில்லை. சால்ட் லேக்கிலேயே கொடுத்தேன். மறுபடியும் 0.03. டாக்டர், "நல்ல செய்தி, இப்படியே கவனித்துக்கொண்டு வருவோம்" என்றார். இனி அவ்வப்போது பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

வெளியே வந்து வீட்டுக்கு போன் போட்டேன்.

"கப்பல் காலி, வரேன்."

 அந்தப் பக்கம் பாத்திரத்தில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.