பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு கேலக்ஸி

போன ஞாயிற்றுக்கிழமை, காணை கிராமத்தில் என் அக்கா மகள் கயல்விழியைப் பெண் பார்க்க வந்தார்கள். திண்டிவனத்துக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். பையனைக் கயலுக்குப் பிடித்திருந்தது... அந்த வீட்டுக் கூட்டத்தை நினைத்தால்தான் பயம். பிஎச்.டி. இன்னும் பாதியில் நிற்கிறதே!

காபியை வாங்கிக்கொண்ட பையனின் அம்மா நேராகக் கேட்டார்: "இன்னாம்மா படிச்சிக்கினு கீற?"

"கேலக்ஸி பத்தி, அத்தை. கோடிக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்ததுதான் ஒரு கேலக்ஸி. அது இருக்கற இடம் அதை எப்படி மாத்துதுன்னு பாக்கறேன்."

அக்கா என் கையைக் கிள்ளினாள் — இவளை நிறுத்தச் சொல்லேன்!

"எப்படி மாத்தும்?" அந்த அம்மா விடுவதாக இல்லை.

"கேலக்ஸிங்க நெருக்கமா இருக்கற இடத்துல புதுசா ஒண்ணு வந்து வுழுந்தா, அங்க ரொம்பி இருக்கற சூடான கேஸ், புதுசா வந்ததோட சொந்த கேஸை உருவிடும். கேஸ்லேர்ந்துதான் நட்சத்திரம் பொறக்குது. அது போயிட்டா புதுசா எதுவும் பொறக்காது. தனியா ஒதுங்கி இருக்கற கேலக்ஸில பெரும்பாலும் பொறந்துக்கினே இருக்கும்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். சம்பந்தம் போச்சு!

"அப்போ எங்க வூட்டுக்கு வந்தா உன் கேஸ் போயிடும்ங்கற?"

கயல் மழுப்பவில்லை. "பயமாத்தான் இருக்குங்க அத்தை. உக்காந்து எழுத எனக்குத் தனியா நேரம் வேணும்."

அந்த அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நான் டீச்சர் ட்ரெய்னிங்கப் பாதியில வுட்டவ. கல்யாணம் ஆச்சு, அவ்ளோதான்..." என்றவர் மகன் பக்கம் திரும்பினார். "டேய், மாடி ரூமுல கெடக்கற சாமானெல்லாம் ஜல்தியா காலி பண்ணு. இது படிச்சி முடிக்கற வரைக்கும் சமையலுக்கு யாரும் கூப்புடக் கூடாது. நான் பாத்துக்கறேன்."

பையன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "ரெண்டே ரெண்டு கேலக்ஸி பக்கத்துல வந்தா இன்னாங்க ஆவும்?"

கயல் முகம் சிவந்துவிட்டது. "சில சமயம்... ரெண்டும் ஒண்ணா சேர்ந்து, ஒரேடியா நிறைய நட்சத்திரம் பொறக்கும்."

வீடே சிரித்தது. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம்.

பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா, அனுசரித்துப் போவாளா என்று விசாரிக்கிறோம். நம் வீடு அவளுக்கு ஒத்துவருமா என்று எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

கூட்டுக் குடும்பத்துக்காரர்களே... கொஞ்சம் நகர்ந்துதான் உட்காருங்களேன்!