தண்ணீர்த் தொட்டி மேல் வைத்த கேமரா

போன வருஷம் ஐப்பசி மழைக்குச் சற்று முன்னால், காரைக்கால் கோவில்பத்தில் என் சிமென்ட், கம்பிக் கடையில் நடந்தது இது.

ஐந்தாம் வகுப்பு தாண்டாதவன் நான். மூட்டை தூக்கி வளர்ந்து, இன்று லாரிகள் வரிசையில் நிற்கும் கிடங்குக்குச் சொந்தக்காரன். ஹார்ன் சத்தத்திலேயே எந்த லாரி என்று சொல்லிவிடுவேன். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். ஒரே மகன் பிரான்சில். கேட்டில் லாரி நம்பர் எழுதிய ஆள் வேலையை விட்டதும், நம்பரைத் தானே படித்துப் பதிந்துகொள்ளும் கேமரா வைக்கச் சொன்னவன் அவன்தான்.

மாட்ட வந்தது டவுனில் கேமரா கடை வைத்திருக்கும் ஒரு பெண். மனை, லாரி எல்லாம் நானே பார்த்து வாங்கியவன், இதையும் நானே தேர்ந்தெடுத்தேன். இருப்பதிலேயே பெரியது, அகலமாகக் காட்டுவது. மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்தால் எதிர்த் தோப்பு வரை தெரியும் என்று கணக்கு.

"ஐயா, இது இடத்தைப் பாக்குற கேமராங்க. நம்பர் படிக்க வேற வேணும். கேட்டை மட்டும் நெருக்கமாக் காட்டணும், தாழ மாட்டணும்" என்றாள் அவள்.

"ஏம்மா, ஊரையே பாக்குற கண்ணுக்கு ஒரு நம்பர் தெரியாதா?" என்றேன். லோடுமேன்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "சரிங்க, ஏணியப் புடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

நம்பர் ஒன்றுகூட ஒழுங்காகப் பதியவில்லை. வெளியே சொல்வேனா? டிரைவர்களிடம் கேட்டு நானே ரகசியமாக நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு மதியம், ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். எனக்கு ஒருத்தனுக்காக உலை வைப்பது அலுத்துப்போய், சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு பட்டினியாக இருந்தேன். கேட்டருகே கண் இருட்டியது. யாரோ தூக்கினார்கள். கார் சீட்டின் சூடு. அவ்வளவுதான் நினைவு.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது நர்ஸ் சொன்னாள்: "உங்க மவன் இவ்வளவு நேரம் பக்கத்துலயேதாங்க இருந்தாரு. பயமில்லன்னு டாக்டர் சொன்ன பொறவுதான் போனாரு."

"என் மவன் பிரான்சுல இருக்கான்மா."

சேர்க்கைத் தாளைக் காட்டினாள். உறவுமுறை என்ற இடத்தில் 'மகன்' என்று எழுதியிருந்தது. கீழே யாருக்கும் புரியாத ஒரு கிறுக்கல் கையெழுத்து. போன் நம்பர் என் கடைப் பலகையில் உள்ளதுதான்.

மறுநாள் அந்தப் பெண்ணை வரவழைத்து, பதிவைப் போடச் சொன்னேன். தோப்பு தெரிந்தது. ரோடு தெரிந்தது. கேட்டில் நான் சாக்கு மாதிரி விழுந்து கிடப்பது தெரிந்தது. வெள்ளைக் கார் ஒன்று நிற்கிறது, ஒருவர் ஓடி வருகிறார். தொட்டி மேலிருந்து பார்த்ததில் அவர் உச்சந்தலைதான் தெரிந்தது. நம்பர் பலகை அரிசி அளவு. பெரிதாக்கினால் வெயில் பட்டு வெறும் வெளுப்பு. காரைக்கால் வண்டியா, தமிழ்நாட்டு வண்டியா என்றுகூடத் தெரியவில்லை.

"இன்னொரு தடவ போடும்மா" என்றேன். நாலு தடவை போட்டாள். 'அப்பவே சொன்னேனே' என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "சாப்ட்டீங்களா ஐயா?" என்றுதான் கேட்டாள்.

அவளே தேர்ந்தெடுத்த சின்ன கேமரா இப்போது கேட்டுக்கு நேரே, என் தலை உயரத்தில் இருக்கிறது. சேறு அப்பிய லாரி நம்பரைக்கூடப் படித்துவிடுகிறது. தொட்டி மேல் உள்ளதையும் நான் கழற்றவில்லை. அந்த மதியம் அதில்தானே இருக்கிறது.

யார் வந்தாலும் நாற்காலியை விட்டு எழாதவன் நான். இப்போது வெள்ளைக் கார் ஏதாவது கேட்டில் நின்றால், நம்பரை மிஷின் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, எழுந்துபோய் ஓட்டி வந்தவரின் முகத்தைப் பார்க்கிறேன். ஒரு மதியம் எனக்கு மகனாக இருந்துவிட்டுப் போனவர் என்னை மறுபடி எழுந்து நிற்க வைத்தது அந்த ஒரு நாளோடு முடியவில்லை.